உங்கள் ஹெட்லைட் யாருடைய கண்ணில் எரிகிறது?

கொஞ்சம் நீண்ட பதிவு. பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் உறவுகள் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள். நானும் உங்களில் ஒருவன்தான்.

போன வாரம் ஒரு தம்பி தன்னுடைய பழைய ஹொண்டாவின் படத்தைப் போட்டிருந்தார். 70களின் மாடல். பெயின்ட், குரோம், சீட் எல்லாம் அவ்வளவு அழகு. கடைசிப் படத்தில் ஹெட்லைட்டுக்குள் புதிதாக ஒரு எல்.ஈ.டி பல்ப். "இப்ப ரோடு பகல் மாதிரி இரிக்கு" என்று எழுதியிருந்தார். கீழே மாஷா அல்லாஹ்க்கள், இதயங்கள், "எங்க வாங்கின, எவ்வளவு?" என்ற கேள்விகள். எதிரில் வருபவனுக்கு அது எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நானும் கேட்காதவன்தான். அதற்கான விலையை இன்னொரு மனிதர் கொடுத்தார்.

என் வாப்பாவிடம் ஒரு ஹொண்டா சி 90 இருந்தது. வயலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் அதுதான். என்னைக் கலாசாலையில் கொண்டுபோய் இறக்கியதும் அதுதான். பெட்டியை முன்னால் கட்டி, என்னைப் பின்னால் ஏற்றி, வழி முழுக்கப் புத்தி சொல்லிக்கொண்டே போனார். வாப்பா மௌத்தான பிறகு அது சில வருடங்கள் கொட்டிலில் கிடந்தது. 2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். அப்போதுதான் பலரைப் போல நானும் கொட்டிலைத் திறந்தேன். எஞ்சின் மூன்றாவது உதைக்கே எடுத்தது. ஹெட்லைட் மட்டும் மெழுகுவர்த்தி.

இரவில் வயல் வெளிப் பாதையில் போகிறவர்களுக்குத் தெரியும். தெருவிளக்கு இல்லை. சூடு ஆறாத தார் ரோட்டில் மாடுகள் படுத்துக் கிடக்கும். கறுப்பு மாட்டைப் பத்தடிக்கு முன்னால்தான் காண்பீர்கள். ஆகவே நல்ல வெளிச்சம் வேண்டும் என்பது ஆடம்பரம் இல்லை, உயிர்ப் பிரச்சினை. அதை நான் மறுக்க வரவில்லை.

கடைக்குப் போனேன். "சேர், இதைப் போடுங்க, வெள்ள வெளேரெண்டு அடிக்கும்" என்று ஒரு எல்.ஈ.டி பல்ப் தந்தார்கள். பழைய பல்பின் இடத்தில் அப்படியே பொருந்தியது. ஐந்து நிமிட வேலை. முதல் இரவு ஓடியபோது எனக்கும் பகல் மாதிரித்தான் இருந்தது.

மூன்றாவது வாரம், இஷாவுக்குப் பிறகு, மாலை வகுப்பு முடித்து வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு சைக்கிள். வயதான மனிதர். என் வெளிச்சம் அவர் மேல் பட்டதும் ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து முகத்தை மறைத்தார். நான் டிம் பண்ணினேன். டிம் பண்ணியும் ஒன்றும் மாறவில்லை. அடுத்த கணம் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். நிறுத்தி, ஓடிப்போய்த் தூக்கினேன். மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் என்னை ஏசவே இல்லை. ஒன்றை மட்டும் சொன்னார்: "ரோடு எது, வாய்க்கால் எது எண்டு தெரியல்ல மனே."

அந்த மனிதர் இன்றும் அந்தக் கையால் மண்வெட்டியை இறுக்கிப் பிடிக்க முடியாமல் இருக்கிறார். நான் மோதவில்லை. என் சைக்கிள் அவரைத் தொடவும் இல்லை. பொலிஸ் புத்தகத்தில் என் பெயர் இல்லை. ஆனால் அவரைத் தள்ளியது நான்தான்.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், நான் தரம் 10க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். குழிவாடியைக் கரும்பலகையில் எத்தனை தடவை கீறியிருப்பேன்! குவியத்தில் ஒளிமுதலை வைத்தால் தெறிக்கும் கதிர்கள் சமாந்தரமாகப் போகும், குவியத்தை விட்டு விலகினால் சிதறும் என்று எத்தனை பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன்! உதாரணத்துக்கு "மோட்டார் வாகன முகப்பு விளக்கு" என்று சொல்லிக் கொடுப்பதும் நானே. வகுப்பை விட்டு வெளியே வந்து என்னுடைய முகப்பு விளக்குக்குள் அந்தப் பாடத்துக்கு நேர்மாறான ஒன்றைப் பூட்டினேன்.

இந்தப் பதிவின் சாரம் ஒரு வரிதான்: ஹெட்லைட் என்பது பிரகாசம் அல்ல, வெளிச்சத்தைக் குறித்த இடத்தில் வைப்பது. அந்த இடம் தவறினால், வெளிச்சம் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

எப்படி என்று பார்ப்போம்.

பழைய பல்பை எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள். ஒவ்வொன்றும் சில மில்லிமீற்றர்தான். ஒன்று ரிப்ளெக்டரின் குவியத்தில் இருக்கும். அது தூர வெளிச்சம். மற்றது குவியத்திலிருந்து கணக்குப் பார்த்து விலக்கி வைக்கப்பட்டிருக்கும். அது டிம். டிம் பண்ணும்போது வெளிச்சம் குறைவதில்லை, கீழே இறங்குகிறது. அதுதான் அதன் வேலை. ரிப்ளெக்டரின் வளைவு, முன் கண்ணாடியில் இருக்கும் வரிகள், இழை இருக்கும் இடம், இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று அளந்து செய்யப்பட்டவை. இடப்பக்கம் ஓடும் நாட்டுக்கு டிம் வெளிச்சம் இடது ஓரத்தைப் பார்க்கும்படி செய்வார்கள். ஜப்பானும் பிரித்தானியாவும் நம்மைப் போல இடப்பக்கம் ஓடும் நாடுகள். அவர்களுடைய உள்ளூர் வாகனங்களின் விளக்கு நமக்கும் பொருந்தும். வலப்பக்கம் ஓடும் நாட்டுக்கென்று செய்த விளக்கு இங்கே எதிரில் வருபவனின் முகத்தைப் பார்க்கும்.

இப்போது மலிவான எல்.ஈ.டி பல்பைப் பாருங்கள். இழை இருந்த இடத்தில் அகலமான சில்லுகள். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், நடுவே ஒரு தகடு. குவியத்தில் எதுவும் சரியாக உட்காராது. சிலவற்றில் டிம்முக்கும் தூரத்துக்கும் வித்தியாசம் சில்லுகளின் எண்ணிக்கை மட்டும்தான். ரிப்ளெக்டர் பாவம் என்ன செய்யும்? கிடைத்த வெளிச்சத்தைக் கிடைத்த பக்கமெல்லாம் எறியும். உங்கள் முன்சில்லுக்கு முன்னால் பத்தடி பால் போல வெளுக்கும். அதைப் பார்த்து நீங்கள் மயங்குவீர்கள். மரக்கிளையும் தெரியும், எதிரில் வருபவரின் நெற்றியும் தெரியும். ஆனால் ஐம்பது மீற்றரில் படுத்திருக்கும் மாடு? கிட்ட இருக்கும் வெளுப்புக்குக் கண் பழகிவிட்டதால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒருவர் ஒரு செக்கனில் சுமார் 11 மீற்றர் கடக்கிறார். உங்கள் வெளிச்சம் பட்டு அவருக்கு இரண்டு செக்கன் கண் தெரியாவிட்டால் 22 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறார். வயது கூடக் கூடக் கண் மீள எடுக்கும் நேரமும் கூடும். கண்ணில் வெண்படலம் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். இரவில் நம் ஊர்ப் பாதைகளில் சைக்கிளில் வருபவர்கள் யார்? பெரும்பாலும் அந்த வயது மனிதர்கள்தான்.

"எல்லாரும் போடுறாங்க, நான் மட்டும் மங்கலா வச்சிருந்தா நான்தான் சாகணும்" என்று ஒரு நண்பர் சொன்னார். இதைவிட நேர்மையான வாதம் இல்லை, இதைவிடக் கெட்ட வாதமும் இல்லை. அவன் என் கண்ணைக் குருடாக்குகிறான், ஆகவே நான் மூன்றாவது ஒருவனின் கண்ணைக் குருடாக்குகிறேன். லொறிக்காரன் செய்ததற்குச் சைக்கிள்காரர் தண்டனை பெறுகிறார். பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவது நன்மை என்று ஓதிய பிள்ளைகள் நாம். இன்று அந்த முள்ளை பல்ப் ஹோல்டரில் பூட்டிக்கொண்டு திரிகிறோம்.

"அப்ப மெழுகுவர்த்தியோடயா போகச் சொல்றீங்க சேர்?" இல்லை. இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. மெழுகுவர்த்திக்குக் காரணம் பல்ப் என்று யார் சொன்னது?

வாப்பாவின் சைக்கிள் 6 வோல்ட். 25 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் 4 அம்பியருக்குச் சற்று மேல் ஓட வேண்டும். அதே 25 வாட்டை 12 வோல்ட்டில் எரித்தால் 2 அம்பியர் சொச்சம் போதும். அம்பியர் கூடினால் வழியில் உள்ள ஒவ்வொரு துருவும் வரி அறவிடும். ஓமின் விதிதான். சுவிட்சில் கொஞ்சம், இணைப்பில் கொஞ்சம், ஏர்த்தில் கொஞ்சம் என்று சேர்ந்து 0.3 ஓம் தடை இருந்தால் போதும், 6இல் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். இழை பல்பின் குணம் என்னவென்றால், வோல்ட் 10 வீதம் குறைந்தால் வெளிச்சம் 10 வீதம் குறையாது, ஏறத்தாழ 30 வீதம் குறையும். 20 வீதம் குறைந்தால் பாதிக்கும் கீழே போய்விடும். ஐம்பது வருடத் துருவை வைத்துக்கொண்டு "ஹொண்டாக்காரன் தந்த லைட் சரியில்ல" என்கிறோம். ஹொண்டாக்காரன் தந்த வெளிச்சத்தை நாம் பார்த்ததே இல்லை.

இதே காரணத்தால் ஒரிஜினல் வெறியர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. "ஒரு ஸ்க்ரூகூட மாத்தக் கூடாது, 1974இல வந்த மாதிரியே இரிக்கணும்" என்பவர்கள். காக்கா, 1974இல் அது பளபளக்கும் ரிப்ளெக்டரோடும் துருப்பிடிக்காத வயரோடும் வந்தது. நீங்கள் பாதுகாப்பது 1974 அல்ல, அதற்குப் பிறகு சேர்ந்த அழுக்கை. பெட்டியில் இருந்த வயர்தான் ஒரிஜினலா, ரோட்டில் விழுந்த வெளிச்சம் ஒரிஜினல் இல்லையா? கண்காட்சிக்கு மட்டும் எடுத்தால் உங்கள் விருப்பம். இரவில் ரோட்டுக்குக் கொண்டுவந்தால் மாடும் மனிதனும் தெரிய வேண்டும். பிரித்தானியச் சைக்கிள்காரர்கள் லூகாஸ் கம்பனியை 'இருட்டின் இளவரசன்' என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் பாதிப் பழியாவது கம்பனிக்கு அல்ல, ஐம்பது அறுபது வருடமாக ஏர்த் வயரைத் தொடாதவர்களுக்கே சேர வேண்டும்.

சரி, என்ன செய்வது? நான் பிழை விட்டுப் படித்த வரிசையைச் சொல்கிறேன். செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்கு.

முதலாவது ஏர்த். பல பழைய சைக்கிள்களில் ஹெட்லைட்டின் ஏர்த் ஹேண்டில் தண்டின் போல்ரேசுக்குள்ளால், கிறீசைத் தாண்டித்தான் போகிறது. ஹெட்லைட் கிண்ணத்திலிருந்து எஞ்சினுக்கோ சட்டகத்துக்கோ தனியாக ஒரு தடித்த வயர் இழுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்குங்கள். ஹொண்டாவில் பச்சை வயர்தான் ஏர்த். இதற்கு ஒரு தேநீர்க் காசு போதும்.

இரண்டாவது சுவிட்சும் இணைப்புகளும். டிம் சுவிட்சைத் திறந்து உள்ளிருக்கும் பித்தளைத் தகடுகளைச் சுத்தம் செய்யுங்கள். பச்சை பிடித்த இணைப்புகளை மாற்றுங்கள். ஹொண்டாவில் நீலம் தூர வெளிச்சம், வெள்ளை டிம். யாராவது இடையில் மாற்றிக் கட்டியிருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பல்பின் காலடியில் மீற்றரை வைத்து அளந்து பாருங்கள். சுருளிலிருந்து வரும் இடத்திலும் அளவுங்கள். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தொலைகிறது என்பது உங்கள் நோயின் அளவு.

மூன்றாவது ரிப்ளெக்டர். உள்ளே கறுத்துப்போயிருந்தால் எந்தப் பல்ப் போட்டும் பயனில்லை. பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள், மிச்சமிருக்கும் மெல்லிய வெள்ளியும் போய்விடும். சில்வர் பெயின்ட் அடிப்பதும் வேலைக்காகாது. பெயின்ட் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், ஆடி போலத் தெறிக்காது. திரும்பப் பூச்சுப் போட முடிந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அதே அளவில் நல்லதொன்று தேடுங்கள். பூட்டும்போது கண்ணாடியில் 'டொப்' என்று எழுதியிருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் பூட்டிய கண்ணாடிகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். டிம் பண்ணினால் மரத்தில் குருவி எழும்பும்.

இந்த மூன்றையும் செய்து, பழைய மாதிரியே ஒரு புதிய இழை பல்பைப் போட்டேன். எல்.ஈ.டி போல வெளுக்கவில்லை. ஆனால் வெளிச்சம் ரோட்டில் கிடந்தது. டிம் பண்ணினால் கீழே இறங்கியது. கறுப்பு மாட்டுக்கு முன்னால் நிறுத்த நேரம் கிடைத்தது. முதலில் இதைச் செய்திருந்தால் அந்த மனிதரின் கை இன்று நன்றாக இருந்திருக்கும்.

நான்காவது, இன்னும் வேண்டுமென்றால் 12 வோல்ட்டுக்கு மாறுவது. இதை அரைகுறையாகச் செய்யக் கூடாது. சுருள், மெக்னட், ரெகுலேட்டர், பெட்டரி, ஹோன், பிளாஷர், ஒவ்வொரு பல்பும், தேவைப்பட்டால் பற்றவைப்பும் சேர்ந்து மாற வேண்டும். கழற்றிய ஒரிஜினல் சாமான்களைப் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். பழைய வயர்க் கட்டை வெட்டாதீர்கள். நாளை உங்கள் பிள்ளை திரும்பப் பூட்ட விரும்பலாம். உங்கள் சுருள் எத்தனை வாட் தரும் என்று தெரியாமல் கார் பல்ப் வாங்காதீர்கள். எச்4 பல்ப் 60/55 வாட். லூகாஸ் டைனமோ பூட்டிய பல பழைய பிரித்தானியச் சைக்கிள்களில் டைனமோ முழுசாகத் தருவதே 60 வாட்தான். 35/35 வாட்டில் எச்எஸ்1 என்று ஒரு பல்ப் இருக்கிறது. சின்ன எஞ்சின்களுக்கு அது பொருத்தம்.

ஐந்தாவது, அப்படியும் எல்.ஈ.டிதான் வேண்டும் என்றால், பல்பை மட்டும் மாற்றாதீர்கள், முழு விளக்கையும் மாற்றுங்கள். எல்.ஈ.டிக்கென்றே அளந்து செய்த லென்ஸும் ரிப்ளெக்டரும் சேர்ந்த விளக்கு, இடப்பக்கப் போக்குவரத்துக்குரியது. நான் எல்.ஈ.டிக்கு எதிரி இல்லை. புதிய வாகனங்களில் கம்பனி பூட்டி வரும் எல்.ஈ.டி நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே ஆடியும் சில்லும் ஒன்றுக்கொன்று செய்யப்பட்டவை. ஒருவருக்கு அளந்த கண்ணாடியை இன்னொருவர் மூக்கில் மாட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

எல்.ஈ.டி போடுகிறவர்கள் இன்னுமொன்றையும் கவனியுங்கள். பழைய சின்னச் சைக்கிள்கள் பலவற்றில் ஹெட்லைட் எரிவது பெட்டரியில் அல்ல, எஞ்சின் சுற்றும்போது வரும் ஆடலோட்டத்தில். ரெகுலேட்டர் இல்லாத இடத்தில் ஹெட்லைட் பல்பின் சுமைதான் வோல்ட்டை அடக்கி வைக்கிறது. முன் பல்ப் போனால் பின் பல்பும் சேர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் அதுதான். குறைந்த வாட் எல்.ஈ.டி போட்டாலும் அதே கதை. எனக்கும் இரண்டாவது வாரமே பின் பல்ப் எரிந்துபோயிருக்கிறது. நான் அறியவே இல்லை. முன்னால் வருபவனைக் குருடாக்கிக்கொண்டு, பின்னால் வருபவனுக்குத் தெரியாமலும் ஓடியிருக்கிறேன். பிரித்தானியச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைப் பாருங்கள்: பலவற்றில் பெட்டரியின் நேர்முனைதான் ஏர்த். இழை பல்புக்கு அது பொருட்டில்லை. எல்.ஈ.டிக்குப் பொருட்டு.

இதை விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியில் இருபதாயிரம் லுமென் என்று அச்சடித்திருக்கும். நல்ல 60/55 வாட் எச்4 பல்பின் டிம் இழை தருவது ஆயிரம் லுமென் சொச்சம். அதில்தான் உலகமெங்கும் கார்கள் இத்தனை வருடம் ஓடின. உங்கள் சின்னப் பல்ப் அதைப் போல இருபது மடங்கு தருகிறதென்றால் அதை எங்கள் பாடசாலை மைதானத்துக்குத் தாருங்கள், இரவில் கிரிக்கெட் விளையாடுவோம். நீங்கள் நேர்மையான வியாபாரிகள் என்று தெரியும். வாங்க வருபவனிடம் "எந்த விளக்குக்குள்ள போடப் போறீங்க?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்.

எல்லோருக்கும் ஒரு வீட்டு வேலை தருகிறேன். ஆசிரியர் புத்தி, மன்னியுங்கள். இன்று மஃரிபுக்குப் பிறகு, ஒரு சுவர், ஒரு சோக்குக்கட்டி, பத்து நிமிடம். ரயருக்குக் காற்று சரியாக அடித்து, சமதரையில், சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளிச் சைக்கிளை நிறுத்துங்கள். நீங்கள் வழக்கமாக இருப்பதுபோல் ஏறி இருங்கள். இன்னொருவர் ஹெட்லைட்டின் நடு உயரத்தை அளந்து சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு கீறட்டும். அதற்கு 5 சென்ரிமீற்றர் கீழே இன்னொரு கோடு. டிம் பண்ணுங்கள். பிரகாசமான பகுதியின் மேல் விளிம்பு கீழ்க் கோட்டில் அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். ஒரு பக்கம் உயர்ந்தால் அது இடப்பக்கமாக இருக்க வேண்டும். பிறகு பின்னால் ஒருவரை ஏற்றிப் பாருங்கள். பின்பக்கம் அமர, முன் வெளிச்சம் எழும்பும். வீட்டுக்காரியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஓடுகிறவர்கள் அதற்கேற்பக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

சுவரில் விளிம்பே தெரியாமல் எல்லாம் வெள்ளையாகப் பரவியிருந்தால், உங்களிடம் இருப்பது ஹெட்லைட் அல்ல. கழற்றுங்கள். காசு போனதென்று நினைக்காதீர்கள்.

எங்கள் பாடசாலைச் சுவரில் போன மாதம் தரம் 10 பிள்ளைகளோடு இதைச் செய்தோம். ஆசிரியர்களின் சைக்கிள்கள் ஆறு. இரண்டுதான் கோட்டுக்குக் கீழே நின்றன. அதில் ஒன்று வாப்பாவின் ஹொண்டா. ஒரு மாணவன் கேட்டான்: "சேர், இது முந்தியே தெரிஞ்சிருந்தா அந்த அப்பாக்கு ஒண்டும் நடந்திருக்காதுல்ல?"

"தெரிஞ்சுதான் இருந்திச்சு மனே, நான் யோசிக்கல்ல" என்றேன்.

பகிர விரும்புபவர்கள் தாராளமாகப் பகிருங்கள். ஆனால் முதலில் சுவருக்குப் போங்கள்.